வாட்ச்மேன் கேட்ட கதை

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகும் கம்பெனி வேனில், காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம்தான் எங்களுக்கு ஆடியோ புத்தகம் கேட்க வாய்க்கும். கதை ஓடுவது என் போனில். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அதற்குத்தான் சத்தம் அதிகம்.

எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் என் நேரம் சரியில்லை. முதலில் ஒரு பேய்க்கதை போட்டேன். மொத்த வேனும் தூங்கிவிட்டது. அடுத்து, முன்னேறுவது எப்படி என்று ஒருவர் பேசும் புத்தகம். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்றார் அவர்.

"நாங்க நாலு மணிக்கே எந்திரிக்கோம், என்னத்த மாறுச்சு?" என்று கேட்டாள் பேக்கிங் அக்கா. வேன் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

இந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள். உயிர்த்தோழிதான், ஆனால் நாக்கில் மிளகாய். "இன்னும் ஒரு கதை பாப்போம். அதுவும் உப்புச்சப்பில்லாம இருந்துச்சுன்னா, பொறவு என் போனுதான்" என்று கெடு வைத்தாள். அவள் போனில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். ராசிபலன். பன்னிரண்டு ராசிக்கும்.

அந்தப் பயத்தில் தேடிப் பிடித்ததுதான் ஒரு கொலைக்கதை. ஒரு டாக்டரம்மா வீட்டில் பெரியவர் ஒருவர் செத்துக் கிடக்கிறார், கொன்றது டாக்டரம்மாவா, கம்பவுண்டரா, சமையல்காரியா? இந்த முறை வேனில் ஒருத்தியும் கண்ணை மூடவில்லை. கேட்டில் கதை அறுபட்டதும், நாள் முழுக்க லேபிள் ஒட்டிக்கொண்டே சண்டை. இரண்டாம் நாளே அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். "கம்பவுண்டர்தான். அவன் முழியே சரியில்ல." காதால் கேட்கிற கதையில் முழியை எங்கே பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாற்பது நிமிடம் பாக்கி இருந்தபோது புத்தி கெட்ட வேலை ஒன்று செய்தேன். அன்று வேன் தாமதம், போர்மேன் கேட்டில் நின்று சத்தம் போட்டார். கதை ஓடிக்கொண்டிருந்த போனை நிறுத்தாமலே அண்ணாச்சி கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அண்ணாச்சி "டோக்கன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்க கதையக் கேட்டேன்" என்றார்.

நான் தடுப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து பத்துக் குரல்: "யாரு கொன்னது?"

கொஞ்சம் யோசித்தார். "கம்பவுண்டர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கதை போச்சு, இனி ராசிபலன்தான் என்று நின்றேன். ஆனால் அக்காவைப் பார்க்கவேண்டுமே. "நான் அன்னைக்கே சொல்லல?" என்று டிரைவர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "இதுதான்டி கதை. இனிமே நீ போடுததுதான் நாங்க கேக்கது. முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, அடுத்ததத் தேடு." என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

வீட்டில் சார்ஜ் போட்டு, சோறு பொங்கிக்கொண்டே மிச்சத்தைக் கேட்டேன். கொன்றது டாக்டரம்மா. கம்பவுண்டர் பாவம், தன்மேல் பழி வந்ததற்காகக் கடைசி அத்தியாயம் முழுக்க அழுகிறான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வயதைக் கேட்டால்கூட உள்ளதைச் சொல்கிறவள் நான். காலையில் வேனில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் காலையில் அக்கா ஒரு பெரிய பொட்டலம் காரச்சேவோடு ஏறினாள். கொலைகாரனைக் கண்டுபிடித்ததற்காக வேன் முழுக்க விநியோகம். எனக்கு மட்டும் இரண்டு கை. வாய் நிறையச் சேவு இருந்ததால் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டில் போனை வாங்கிய அண்ணாச்சி டோக்கனைத் தரவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, நேத்து நடுவுலயே சார்ஜு போயிருச்சு. அம்புட்டுப் பேரும் கேக்கவும் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ராத்திரி பூரா உறக்கமில்ல. நெசமா யாரு கொன்னது?"

அதற்குள் எனக்குப் பின்னால் அக்கா வந்து நின்றுவிட்டாள். அவள் மூச்சு கழுத்தில் பட்டது, சேவு வாசனையோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"நீங்க சொன்ன ஆளுதான் அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நெனச்சேன்" என்றார். ஒரு பாவமும் அறியாத கம்பவுண்டரை, ராசிபலனுக்குப் பயந்து கொலைகாரனாக்கிவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.