கேட்காமல் போன வளைவு

மலைமேல் சோளக்காடு என்ற ஊரின் வயர்லெஸ் அறையில், 2004 வாக்கில், அந்த ஆபரேட்டரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். வயர்லெஸ்ஸில் யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

பொறியாளர்களான நானும் என் நண்பரும் சோதிக்கக் கொண்டுபோன ஆன்டெனா பலவகை அலைகளையும் வாங்கக்கூடியது. அதனாலேயே பக்கத்து செல்போன் டவரின் அலையும் உள்ளே புகுந்து இரைந்தது. ஒரே அளவான சிறு செப்புச் சதுரங்களை வரிசையாகப் பதித்த பலகையொன்றை அதனுடன் பொருத்தினேன். அவை டவரின் அலையை மட்டும் தடுத்தன. மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து என் நண்பர் பேசியது தெளிவாகக் கேட்டது.

ஆபரேட்டரின் முகம் வாடிவிட்டது.

"போன மழையில எங்க டிரைவர் மலப்பாதையில ஜீப்போட உருண்டுட்டான் சார். எந்த வளைவுன்னு வயர்லெஸ்ல சொல்லிக்கிட்டே இருந்தான். இரைச்சல்ல எனக்குக் கேக்கலீங்க. தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உசுரு போயிருச்சுங்க."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கீழ இருக்கறவர, முப்பத்தெட்டாவது வளைவுன்னு ஒருக்காச் சொல்லச் சொல்றீங்களா?"

நண்பர் காரணம் தெரியாமலே சொன்னார்.

ஆபரேட்டர் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"கேக்குது சாமி. இதா வாரேன்."

"யாருங்க வர்றது?" என்று நண்பர் கேட்டார்.