வேக மறுத்த கோசு

போடியில் மார்கழி, தை மாதங்களில் முட்டைக்கோசு என்றால் என் சாப்பாட்டுக்கடைக் கோசுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஏலக்காய் ஏலத்துக்கு வருகிற பெரிய பெரிய வியாபாரிகள் கறிக்குழம்பை ஒதுக்கிவிட்டு இதற்குக் கை நீட்டுகிறார்கள். இந்தப் பக்குவம் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட வரிசைவீட்டில், குடியிருந்தோம். எனக்கு எட்டு வயசு இருக்கும். கீழே ஊரில் இருந்த கிணற்றுத் தண்ணி முறையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தகராறு. ஒரு வருசமாகப் பேச்சில்லை. சித்தப்பா மகளுக்குக் காதுகுத்து வந்தது. சொந்த அண்ணனை அழைக்காவிட்டால் ஊர் ஏசும் என்று, ஆள் ஏற்றும் ஜீப்பில் வெற்றிலை பாக்கோடு ஏறி வந்துவிட்டார். தட்டை வைத்தார், திரும்பினார். எங்கள் பக்கத்தில் அழைக்க வந்தவர் கை நனைக்காமல் போனால் அதோடு உறவு அறுந்தது.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "டேய், உங்க சித்தப்பன்ட்டச் சொல்லு. சாப்பிடாமப் போனா நான் காதுகுத்துக்கு வரமாட்டேன்."

கையெட்டும் தூரத்தில் நின்ற சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"உங்கப்பன்ட்டச் சொல்லு. ஜீப்பு கெளம்புறதுக்குள்ள இருக்கறதப் போட்டா ரெண்டு வாய் தின்னுட்டு எறங்கிருவேன்."

ஒரு எழுத்து விடாமல் அதையும் சொன்னேன். அந்த வயசிலேயே எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி.

சோறு வெந்திருந்தது, ரசமும் இருந்தது. அம்மா ஒப்பவில்லை. "வெறும் ரசத்தை ஊத்தியா கொழுந்தனாரை அனுப்புறது?" என்று, லயத்துக்குப் பின்னால் பாத்தியில் பனியில் விறைத்துக் கிடந்த கோசை அதற்கப்புறம்தான் போய் அறுத்துவந்தாள். பெரிசு பெரிசாக நறுக்கினாள். மண்சட்டியில் சின்ன வெங்காயமும் இஞ்சியும் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, கோசைக் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மூடினாள். மூடியின் குழிவில் மட்டும் தண்ணீர் ஊற்றினாள்.

அடுப்பு ஊதுவதில் லயத்தில் எனக்குப் போட்டி கிடையாது. ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். தீ குபீரென்று பிடித்தது. அம்மா விறகை வெளியே இழுத்துக் கங்கை மட்டும் விட்டுவைத்தாள். மறுபடி ஊதினேன். மறுபடி இழுத்தாள்.

"ஜீப்பு போயிரும்மா. வெரசா வேகட்டும்."

"அப்பு, நீ சும்மா கெட. சித்தப்பாவ உள்ள வரச்சொல்லு. வெளிய தணுப்பு."

பனிமூட்டம் இறங்கி எதிர் லயமே மறைந்திருந்தது. சித்தப்பா கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அடுப்புக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார். மறுபக்கம் அப்பா. நடுவில் தபால்காரனாக நான்.

"கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு அப்பா கேக்குறாரு."

"ரெண்டாள் மட்டம்னு சொல்லு."

பாதையில் ஜீப்பு ஆரன் அடித்தது. சித்தப்பா எழுந்தார். "மதினி, நான் வர்றேன்."

அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் அரை வேக்காடுதான். இதத் தின்னுட்டு வயித்த வலிச்சா உங்க பொண்டாட்டி என்னையத்தான வைவா" என்று மூடிவிட்டாள். ஆரன் இன்னும் கொஞ்ச நேரம் அலறியது. பிறகு ஜீப்புச் சத்தம் இறக்கத்தில் தேய்ந்துபோனது. இனி விடிந்துதான் அடுத்த ஜீப்பு.

சித்தப்பா உட்கார்ந்தார். காற்று திரும்பி, புகை அவர் முகத்தில் அடித்தது.

"இங்கிட்டு வந்து உக்காரு. கண்ணு எரியப்போகுது" என்றார் அப்பா.

என்னைத்தான் சொல்கிறார் என்று நான் எழுந்து போனேன்.

"ஒன்னைய இல்லடா."

சித்தப்பா அப்பா பக்கம் நகர்ந்தார். அதற்குப் பிறகு தபாலுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தண்ணி முறைக்குச் சத்தம் போட்டார்கள், அப்புறம் தணிந்து பேசினார்கள், அப்புறம் எதற்கோ சிரித்தார்கள். கோசு தன் தண்ணியிலேயே வெந்து வெண்ணெயாக இளகியிருந்தது. சித்தப்பா திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னைய ஊத விட்டிருந்தா இது எப்பவோ வெந்திருக்கும். சித்தப்பாவும் ஜீப்பப் புடிச்சு ஊருக்குப் போயிருப்பாரு. அம்மாவுக்கு அடுப்பெரிக்கவே தெரியல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்குச் சிரிக்கப்போய்ப் புரையேற, அப்பா அவர் தலையில் தட்டினார். மூன்று பேரும் என் சாமர்த்தியத்தை மெச்சித்தான் சிரிக்கிறார்கள் என்று, எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.