தண்ணி மந்திரி

தேர்தலில் வென்றுவிட்டேன் என்று குதித்துக்கொண்டு நான் லயத்தில் எங்கள் அறைக்கு ஓடிவந்தபோது, அப்பா முதலில் செய்த காரியம் எழுந்து கதவைச் சாத்தியதுதான்.

"யாரு ஒன்னயத் தண்ணி ஊத்தச் சொன்னா?" என்றார். அதட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். பக்கத்து அறைக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார். "நாளைக்குக் காய்ச்சல்னு படுத்துக்க. இது நல்லதுக்கு இல்ல."

அப்பா கண்டிப் பட்டணத்தில் கக்கூசு வாளி எடுப்பவர். அவருக்கு ஊரைத் தெரியும். எனக்கு ஒன்பது வயது, எனக்கு என்ன தெரியும்?

நாட்டில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த புதுசு அது. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி என்று கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வாத்தியாருக்கு அந்தப் பைத்தியம் தலைக்கேறிவிட்டது. மாணவர் சபை ஒன்று வைத்தார். சுத்தத்துக்கு ஒரு மந்திரி, பூந்தோட்டத்துக்கு ஒரு மந்திரி, தண்ணீருக்கு ஒரு மந்திரி. அலுமாரிக்குப் பின்னால் நிறத்தாள் ஒட்டிய பிஸ்கட் டின்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராகப் போய், பிடித்தவருடைய டின்னில் போட்டுவிட்டு வரவேண்டும்.

தண்ணீருக்கு நின்றவர்கள் இரண்டு பேர். சிவப்பு டின் ஒரு கடை முதலாளியின் மகனுக்கு, பச்சை எனக்கு. நான் சரியான வாயாடி. எல்லோரையும் சிரிக்க வைப்பேன். அதற்காகத்தான் பிள்ளைகள் எனக்குப் போட்டார்கள், வேறெதையும் யோசிக்கவில்லை. எனக்கு நானே போட்டுக்கொள்வது வெட்கக்கேடு என்று நான் சிவப்பில் போட்டேன். அப்படியும் வென்றேன்.

"ஓம் பிள்ளை, இனி நீர்தான் தண்ணி மந்திரி" என்று வாத்தியார் என் கையில் செம்பைத் தந்தார். பானையிலிருந்து மொண்டு பிள்ளைகளின் கையில் ஊற்றுவதுதான் வேலை. என் அப்பாவின் தொழில் அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் தந்தார். பிள்ளைகள் மனதில் களங்கமில்லை என்று நம்பிய மனுஷன். அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள் என்பதை மறந்துவிட்டார்.

அப்பா சொன்னபடி நான் படுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இடைவேளையில் செம்போடு நின்றேன். மழையில்லாத மாசி மாதம், வாவிப் பக்கமிருந்துகூடக் காற்றில்லை. ஒருவரும் வரவில்லை. சிலர் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். கொண்டுவராதவர்கள் வேலியோரமாக நின்று உதட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நேற்றுவரை என்னோடு சிரித்த பிள்ளைகள்! வெளியே கேற்றடியில் ஊர் ஆண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களும் பானையைத்தான் பார்த்தார்கள்.

ஒருத்தி மட்டும் வந்தாள். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் மகள், என் சிநேகிதி.

"ஊத்துங்க புள்ள, தொண்ட காஞ்சி போச்சி" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நான் ஊற்றினேன். குடித்துவிட்டு, ஈரக் கையை என் பாவாடையிலேயே துடைத்தாள், கழுதை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் பானை உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிநேகிதி வேறு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் கிட்டப் போனதும் தலையைக் குனிந்துகொண்டே, "வாப்பாட கடைக்கு யாரும் வரமாட்டாங்களாம். ஒங்களோட பேசினா என்னப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டுவாராம்" என்றாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட மேனேஜர் வந்தார். செம்பைப் பிடுங்கி என்னை வெளியே அனுப்பச் சொன்னார். வாத்தியார் அசையவில்லை.

"பிள்ளையள்தான் தெரிவு செய்தவை. அவையே சொல்லட்டும்."

"சரி, கேளுங்க" என்று மேனேஜர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தோத்தா இந்தப் புள்ளையோட பேரை வெட்டிடுவேன்."

பெயரை வெட்டினால் நான் மடுல்கெல்லையில் அத்தையிடம் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். அப்பா அதை முதல் நாளே தீர்மானித்துவிட்டார்.

வாத்தியார் மறுபடி புளியங்கொட்டை கொடுத்தார். அவர் முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. முதலில் என்னைத்தான் அனுப்பினார். சிவப்பில் போட இந்தத் தடவை மனம் வரவில்லை. பச்சையில் போட ரோஷம் விடவில்லை. கொட்டையைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு வெறுமனே திரும்பிவந்தேன். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். டின்னில் கொட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டது. எந்த டின் என்று தெரியவில்லை.

மேசைமேல் சிவப்பு டின்னைக் கவிழ்த்தபோது கொட்டைகள் சரிந்து தரையெல்லாம் உருண்டன. வாத்தியார் பச்சை டின்னை எடுத்து ஆட்டினார். உள்ளே ஒரே ஒரு கொட்டை கடகடவென்றது.

"அவளே போட்டுக்கிட்டா!" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். வாத்தியார் பாவமாக என்னைப் பார்த்தார். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

என் கொட்டை என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தது. கையை விரித்துக் காட்டினால் போதும், அத்தனை வாயும் மூடிவிடும். அதற்குப் பிறகு பச்சையில் போட்டது யார் என்று தேடுவார்கள். தேட எவ்வளவு நேரமாகும்? மூன்றாவது வாங்கில் சிநேகிதி சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"ஆமா, நாந்தான் போட்டேன். அதுக்கென்ன இப்ப?" என்றேன்.

கையைப் பொத்தியபடியே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். நிமிர்ந்து பார்த்துவிடாதேடி, பார்த்துவிடாதே என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டே போனேன். அவள் பார்க்கவில்லை.