செல்வத்துக்காக விட்ட இடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஷீலா, விஜய், இது உங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஃபேக்டரியில் கம்ப்ரெசர் ரூமில் யாரோ நடக்கிறார்கள் என்று சொல்லி மற்றவர்கள் போகப் பயந்தபோது, நான் போய் லூசாக ஆடிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்து முறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். நான் படித்தது பத்து, அதற்கு மேல் ஐ.டி.ஐ. ஃபிட்டர். கதை கட்டத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் அப்பா அன்றைக்கு அலுப்பில் அரைத்தூக்கமாக இருந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுப்பு இருந்தது உண்மைதான். அந்த வருஷம் முழுக்க எனக்கு அலுப்புதான்.

அம்மாவின் கழுத்தில் கட்டி வந்த வருஷம் அது. நீங்கள் சின்னப் பிள்ளைகள். முதலில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, பிறகு புடவைத் தலைப்பைப் போட்டு மூடினாலும் தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு இழுக்கும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குவாள், அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நான் விழித்திருப்பேன், காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கம்பியில் தலை மோத மோதத் தூங்குவேன். ஆஸ்பத்திரி டாக்டர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். தைராய்டு கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப் போட்டால் ஒருநாள் மூச்சுக்குழாயை நெரித்துவிடும் என்றார். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறவளிடம் போய்க் குரல் போகலாம் என்றால் வேறு என்ன செய்வாள்?

"குரல் போனா போவுது கிரேஸ், ஆள் வேணும்லா" என்று நான் கெஞ்சாத நாள் இல்லை.

"நக்கோ. அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்பாள். அம்மா குடும்பம் தலைமுறைகளாகச் சிகந்தராபாத், வேண்டாம் என்பதைத் தமிழில் சொன்னால் இன்னும் பேசிப் பார்க்கலாம், நக்கோ என்று வந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளாகவே சொன்னாள்: "ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லலை. ஆனா பிள்ளைங்க என் குரலை ஒரு தடவை கேக்கணும். நல்லா இருந்தப்ப இருந்த குரல். ரோசக்காகிட்ட அந்த ரெக்கார்டு இருக்கும். போலாரம் போவோமா?"

அந்த ரெக்கார்டைப் பற்றிக் கல்யாணம் ஆன புதிதில் ஒருதரம் சொன்னாள், பிறகு வாயே திறந்ததில்லை. முழுக் கதையும் அன்றைக்குப் பஸ்ஸில்தான் கேட்டேன். அறுபதுகளில் சபையில் பாடிய நாலு பேர் சேர்ந்து 'போலாரம் ஃபோர்' என்று பேர் வைத்துக்கொண்டு கல்யாண ரிசப்ஷன்களிலும் கிளப்பிலும் பாடியிருக்கிறார்கள், பாதி இங்கிலீஷ் பாதி தமிழ், பாட்டெல்லாம் அவர்களே கட்டியது. மேல்குரல் ரோஸ்லின் ஆன்ட்டி, அம்மா ரோசக்கா என்பது அவரைத்தான், அதற்கு அடுத்த ஆல்டோ அம்மா, கிடாரும் ஆண்களில் மேல்குரலான டெனரும் எட்வின் என்பவர், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அடிக்குரல், அதாவது பேஸ், அம்மாவின் அண்ணன் செல்வம். நீங்கள் பார்க்காத மாமா, நானும் பார்த்ததில்லை.

மதராஸில் ஒரு சின்ன கம்பெனி எல்.பி. ரெக்கார்டு போடக் கூப்பிட்டது. புறப்படுகிற அன்று செல்வத்துக்குக் காய்ச்சல். "நீங்க போய்ப் பாட ஆரம்பிங்க, நான் அடுத்த ரயில்ல வந்து சேர்ந்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். இங்கேதான் ஒரு விஷயம், கொயரில் பாடாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கொயர் மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தாராம். நாலு குரலில் ஒருத்தன் வரவில்லை என்றால் அவன் பங்கை இன்னொருத்தன் தொடக்கூடாது, அவன் இடத்தை மனசுக்குள் தாளம் போட்டபடி காலியாக விட்டுவிட்டு நம் இடம் வரும்போது நாம் பாடவேண்டும். கடைசிப் பாட்டின் நடுவில் பேஸ் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. மதராஸில் இந்த மூன்று பேரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எட்வின் கிடாரை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாராம். "என்னம்மா, நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?" என்று ஸ்டுடியோக்காரர் கத்தினாராம். "அண்ணன் வந்து பாடுவான் சார், அது அவன் இடம்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

செல்வம் வரவில்லை. தந்திதான் வந்தது. இவர்கள் திரும்பி வருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் ஓட்டையோடேயே ரெக்கார்டைப் போட்டுவிட்டார்கள். தன் பிரதியை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள், ரோஸ்லின் ஆன்ட்டி வீட்டுப் பக்கமும் போவதை நிறுத்திவிட்டாள்.

"வாங்கம்மா மகாராணி! இத்தனை வருஷமா போலாரத்துக்கு கவர்மென்ட்டு பஸ்ஸே விடலையா?" என்று கேட்டில் வைத்தே பிடித்துக்கொண்டார் ஆன்ட்டி. பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார்.

"விட்டாங்க ரோசக்கா. உங்க வாய்க்குப் பயந்து பஸ்ஸு பாதியிலயே திரும்பிடுச்சு."

அப்போதுதான் ஆன்ட்டி கழுத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "என்னடி இது" என்று மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, "பிரதர், நீங்க மொதல்ல உக்காருங்க. பார்த்தா பஸ்ஸைத் தள்ளிக்கிட்டே வந்த மாதிரி இருக்கு" என்றார்.

பீரோவின் அடியில் பழைய பரீட்சைத் தாள்களுக்குக் கீழே கிடந்தது ரெக்கார்டு. அட்டையின் ஒரு மூலையைச் செல்லரித்திருந்தது. படம் முன்னாடியே எடுத்துவைத்ததாம், அதனால் அட்டையில் நாலு பேரும் இருந்தார்கள், பெண்கள் தலைமுடியைத் தூக்கிக் கட்டி, ஆண்கள் மெல்லிசான டை கட்டி.

"மம்மி, கைக்கு உங்க தலையில குருவிக்கூடு?" என்றான் விஜய்; ஏன், யார் என்பதற்கெல்லாம் உங்கள் இருவருக்கும் அப்போது கைக்கு, கோன் என்று இந்திதான் வாயில் வரும். ஆன்ட்டி அவன் காதைத் திருகினார், அவன் கொய்யா மரம் பார்க்க வெளியே ஓடிவிட்டான்.

"லாஸ்ட்ல நிக்கறது கோன் மம்மி?" என்று கேட்டது நீதான் ஷீலா. அம்மா அட்டையை ஆன்ட்டி பக்கம் தள்ளினாள். "உன் மாமா" என்றார் ஆன்ட்டி.

பிற்பகல், நல்ல வெயில், சாப்பிட்ட களைப்பு. ரெக்கார்டில் பூசணம் பிடித்திருந்தது, ஆன்ட்டி ஈரத்துணியால் துடைத்துப் பிளேயரில் போட்டார். நான் கேன்டீன் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்த டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்தேன், பட்டனை அமுக்குவது ஷீலாவின் வேலை. பாட்டில் நான் ஞானசூனியம், நல்லது கெட்டது தெரியாது. ஆனால் அந்தக் குரல் வந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று குரல், ஒரே தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. நடுவில் அம்மாவுடையது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. இதை விடமாட்டேன் என்று அவள் அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தோன்றியது. தோன்றியதும் பயம் வந்தது. இதைக் கேட்டபின் இவள் எப்படி ஆபரேஷனுக்கு வருவாள்? நானே கூட்டிக்கொண்டு வந்து கெடுத்தேனே என்று இருந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. நடுவில் மூன்று பேரும் நிறுத்தினார்கள். கிடார் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த இடத்தில் ஓர் ஆண் குரல் பாடியது.

நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. காலி இடம் என்று இவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு சாதாரணமாக, ரெக்கார்டில் இருப்பது போலவே, அந்தக் கரகரப்போடேயே வந்தது. கனத்த குரல், தரைக்குள்ளிருந்து ஏறிவருகிற மாதிரி. தனி இடம் முடிந்து மற்ற மூவரும் சேர்ந்த பிறகும் அது போகவில்லை, கடைசி வரைக்கும் அவர்கள் அடியில் கூடவே நின்றது. ஆன்ட்டி "இயேசுவே" என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அம்மா அசையவே இல்லை. ஒரு கை கழுத்துக் கட்டியின்மேல் இருந்தது.

ஆன்ட்டி மறுபடி முள்ளை எடுத்து அதே பாட்டில் வைத்தார். கிடார் மட்டும். இன்னொரு தரம் வைத்தார். கிடார் மட்டும்.

நான் ஃபிட்டர், விடுவேனா? எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன், முன்கட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தது, எங்கேயும் ரேடியோ இல்லை, ரோட்டில் ஆர்மி லாரி ஒன்று போனது, விஜய் மரத்தில் இருந்தான். பிளேயரின் தட்டைத் தூக்கி பெல்ட்டைப் பார்த்தேன். சுற்றுவது மெதுவானால் குரல் கனத்துக் கேட்கும், அது தெரியும், ஆனால் அப்போது பெண் குரல்களும் சேர்ந்துதானே கனத்திருக்க வேண்டும்? அவை மாறவில்லை. பிறகு டேப்பைப் போட்டுக் கேட்டோம். அந்த இடத்தில் கிடாரும் மின்விசிறிச் சத்தமும் மட்டும் இருந்தன. ஆனால் ஆன்ட்டி "இயேசுவே" என்றது தெளிவாக விழுந்திருக்கிறது. ஒன்றுமே கேட்காமலா அந்த அம்மாள் அப்படிச் சொன்னார்? ஷீலா, உன் காதிலும் விழுந்தது, "பாடுற அங்கிள் யாரு?" என்று என்னைத்தான் கேட்டாய், இப்போது விசாரித்தால் 'ஐ டோன்ட் ரிமெம்பர்' என்கிறாய். சரி, போகட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் இருவரும் தூங்கிவிட்டீர்கள். நானும் கண்ணை மூடினேன். அம்மா என் கையைத் தட்டினாள்.

"நாளைக்கே டாக்டரைப் பார்த்து தேதி வாங்கிருங்க."

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம். அண்ணன் வந்து தன் இடத்தைப் பாடிவிட்டான், அந்த நிம்மதியில் சம்மதித்துவிட்டாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் பேசக்கூடாது என்றார்கள். பேசலாம் என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவள் பேசிய முதல் பேச்சைக் கேட்டபோது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன், மணலை வாணலியில் போட்டு வறுப்பது போல இருந்தது குரல். அவளோ சிரித்தாள்.

"அழாதீங்க. ஃபேக்டரிக்காரர் அழுதா நர்சுங்க சிரிப்பாங்க."

"செல்வம் மச்சான் வந்து பாடினதாலதான ஒத்துக்கிட்ட?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"வந்ததுக்காக இல்லீங்க" என்றாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, விட்டு விட்டுச் சொன்னாள். "அது அண்ணன்தான். கூடப் பிறந்தவ எனக்குத் தெரியாதா? ஆனா போனப்ப இருந்த குரல் இல்லை அது. நம்ம வயசு ஆளோட குரல். கீழே இறங்குற இடத்துல லேசா நடுங்குச்சு. முன்னாடியெல்லாம் ஒரே மூச்சுல பாடுற வரியை நடுவுல உடைச்சு மூச்சு எடுத்தான். நல்லாவே தேஞ்சு போயிருச்சுங்க அவன் குரல். அப்படியும் வெக்கப்படாம வந்து பாடினான். நான் மட்டும் எதுக்கு இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சாகணும்?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொயரில் இப்போதும் பாடுகிறாள், மேல் ஸ்வரம் எட்டாத இடங்களில் வாயை மட்டும் அசைக்கிறாள், அதைப் பற்றிக் கவலையும் படுவதில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரிடையர் ஆகப்போகிறேன், எனக்கே பைபிளில் நாலு வரி சங்கீதம் வாசித்தால் மூச்சு முட்டுகிறது. செத்துப்போன ஒருவர் வந்து பாடினார் என்பதைக்கூட ஏதோ கேட்டது, ஏதோ பிரமை என்று ஒதுக்கிவிடப் பார்க்கலாம். இதை மட்டும் ஒதுக்க முடியவில்லை. மீசை சரியாக முளைக்கிற வயதில் புதைத்த மனிதர், அத்தனை வருஷமும் எங்கே இருந்து, யாரோடு சேர்ந்து பாடிப் பாடி, குரல் அப்படித் தேய்ந்து போனார்?