சாஸியா அக்காவின் ஐந்து ஆன்டிபாடிகள்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாஸியா அக்காவுக்கு இருபத்தாறு வருஷ வேலை. நான் பக்கத்து மேசை. அக்கா குரலில் நான் பேசினால் டாக்டர்களே போனில் ஏமாந்துபோவார்கள். அக்காவோ, கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளின் குரலில் பேசுவாள். ஐந்து வகைக்கும் ஐந்து குரல்.

கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிவந்து, "எங்க அவன், எங்க அவன்?" என்று கத்துகிறவன் எம். ஜி மெதுவாக வருவான். ஆனால் ஒருதரம் பார்த்த முகத்தை மறக்க மாட்டான். ஏ, மூக்கிலும் குடலிலும் வாசல் காப்பான், தாய்ப்பாலிலும் இருப்பான். ஈ, புழுக்களோடு சண்டை போடப் பிறந்தவன். ஒலிவப் பூந்தூளைப் பார்த்தாலும் மல்லுக்கு நின்று ஊரையே தும்ம வைப்பான். டி?

"அவன் என்ன பண்றான்னே யாருக்கும் முழுசாத் தெரியாது. நம்ம மேனேஜர் மாதிரி," என்பாள் அக்கா.

போன கோடையில் ரவுதா வந்தாள். மூன்று மாதக் கர்ப்பம். பூனையிடமிருந்தும் வேகாத இறைச்சியிலிருந்தும் தொற்றும் டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கான சோதனையில் எம், ஜி இரண்டுமே தெரிந்தன. தொற்று புதிது என்றால் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து.

"பெருநாள் அன்னிக்கு ஈரலை அரைவேக்காடாத் தின்னா," என்றாள் மாமியார் ஸல்ஹா.

"அடுப்புகிட்ட நின்னது நீங்கதானே அத்தை," என்று ரவுதா அழுதாள்.

சாஸியா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எம்மை மட்டும் நம்பி அழாதே. கிருமி வந்து வருஷம் ஆனாலும் சிலபேர்கிட்ட கத்திக்கிட்டே இருப்பான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குற மருத்துவச் சான்றிதழுக்கு எங்க ரத்தம் குடுத்தே?"

"இங்கதான்க்கா. பத்து மாசம் ஆச்சு."

அந்தச் சோதனை முடிந்ததும் மிஞ்சும் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, ஒரு வருஷம் உறையவைத்துக் காப்பது எங்கள் வழக்கம். அக்கா உறைபெட்டியைக் குடைந்து ரவுதாவின் பழைய குழாயை எடுத்தாள். பழையதையும் புதியதையும் ஒரே கருவியில், பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினோம். ஒன்றரை மணி நேரம் ஸல்ஹா வராந்தாவை அளந்துகொண்டிருந்தாள்.

முடிவுத் தாள் வந்தது. அக்கா சிரித்தாள்.

"ஜி ரெண்டுலயும் ஒரே அளவு. அந்த எம் பயலும் அப்பவே இருந்திருக்கான். கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துபோன தொத்து இது. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லடி."

ரவுதா அக்காவைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஈரல் நல்லாத்தான் வெந்திருந்துச்சு, நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ஸல்ஹா.

"அந்த ஜி இனி என்னக்கா பண்ணுவான்?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள் ரவுதா.

"அஞ்சு பேர்ல அவன் ஒருத்தன்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைகிட்டப் போவான். பொறந்து சில மாசம் வரைக்கும் துணையா இருப்பான்."

ஸல்ஹா குனிந்து மருமகளின் வயிற்றோடு பேசினாள்: "ஜி தம்பி, சீக்கிரம் கிளம்புப்பா."

"கடைசி மாசங்கள்லதான் கூட்டமாப் போவான். விரட்டாதீங்க," என்றாள் அக்கா.