முடுக்கிய ஞாபகம் இல்லை

எங்கள் டிப்போ மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. பஸ் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவார், கையால் தடவிப் பார்ப்பார், இன்னொரு முறை முடுக்குவார். அதன் பிறகுதான் ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் டிரைவர்கள் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வண்டியை எடுப்போம். அவர் முடுக்குவதை எட்டிப் பார்க்க எவனுக்கும் நேரமில்லை.

அன்று என் வண்டிக்குப் பின்சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவியிடமிருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. மனுஷன் போட்டது போட்டபடி ஓடினார். சக்கரத்தில் கோடுகள் இருந்தன. நான் கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தை கண் விழித்த பிறகுதான் அவருக்கு என் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வந்திருக்கிறது. கோடு போட்டது ஞாபகம் இருந்தது. முடுக்கியது ஞாபகம் இல்லை. அவசரத்தில் கோட்டை முதலில் போட்டிருந்தால்? எனக்குப் போன் அடித்திருக்கிறார். ஓட்டும்போது நான் எடுப்பதில்லை. கண்டக்டர் நம்பர் அவரிடம் இல்லை. மிச்சம் மேனேஜர்தான். வேலையைப் பாதியில் விட்டுப் போனதற்கு ஏற்கெனவே ஒரு முறை எச்சரித்தவர் அவர். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேனேஜரையே கூப்பிட்டார்.

கண்டக்டருக்குத் தகவல் வந்து, நடுவழியில் வண்டியை நிறுத்தினேன். கொளுத்தும் வெயிலில் பயணிகள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். ஸ்பேனரைப் போட்டு அதன்மேல் ஏறி மிதித்தேன். ஒரு நட்டும் அசையவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வேலை போன செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மனைவி அடுப்படியிலிருந்தே பொரிந்தாள்.

"எல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சாம். இவரு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? நீங்களே சொல்லுங்கண்ணே!"

நானும் சேர்ந்துகொண்டேன். "ஏன்ணே, ஒழுங்காத்தானே முடுக்கியிருக்கீங்க?"

"கை முடுக்கியிருக்கு. எனக்கு இன்னும் ஞாபகம் வரலப்பா." தூங்கும் குழந்தையின் நெற்றியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. "அதை விடு. சொன்னதுக்கு என்னை அனுப்பிட்டாங்கன்னு டிப்போ பூரா தெரியும். நாளைக்கு வேற ஒருத்தனுக்கு இந்த மாதிரி சந்தேகம் வந்தா, அவன் வாயைத் திறப்பானா?"

விடிந்தால் வண்டி எடுக்க வேண்டியவன் நான். எனக்குப் பயமாக இருந்தது. கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்தேன்.