முதல் வேட்டையின் பங்கு

எங்கள் வீட்டு பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பக்கத்தில், சாமானின் குளிர் போகாமல் வைக்கும் ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி இருக்கிறது. மூடியில் கறுப்பு மையில் எழுதிய ஒரு மனிதரின் பெயர் பாதி அழிந்துவிட்டது. பதினான்கு வருடங்களாக மொன்றியலுக்குச் சாப்பாடு கொண்டுபோக அதைத்தான் பயன்படுத்தி வந்தோம். நல்ல பெட்டி என்பதால் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்ததைத்தான் எறிந்தேன்.

ஊரில் இரசாயனவியல் படிப்பித்த நான், ரொறன்ரோவில் கடைசியாகப் பார்த்தது வான் ஓட்டும் வேலை. வடக்கே பனிப்பிரதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவேன். அவர்களில் ஒருவர் இனுயிட் வேட்டைக்காரர். என் வயதுதான் இருக்கும். வயிற்றில் புற்றுநோய். பேச்சு குறைவு. ஓம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார். இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவார். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் அதுவே வழக்கமாம். ஒரு மாதத்துக்குள் அவருடைய முகத்தை வானின் கண்ணாடியில் பார்த்தே பேசப் பழகிவிட்டேன்.

சீல்களைப் பற்றி, அந்தக் கடல்நாய்களைப் பற்றி மட்டும் அவர் நிறையச் சொல்வார். சீலை மனிதன் பிடிப்பதில்லை, அதுவே தன்னைத் தருகிறது என்பார். உப்புக் கடலில் வாழ்வதால் அதற்குத் தீராத தாகம். ஆகவே கொன்றதும் பனியை உருக்கி, அதன் வாயில் நல்ல தண்ணீர் விடுவார்கள். தாகம் தீர்ந்த சீலின் உயிர் திரும்பிப் போய் மற்றச் சீல்களிடம் அந்த வேட்டைக்காரரைப் பற்றி நல்லது சொல்லும். இறைச்சியை அவமதித்தால் அதையும் சொல்லும். பிறகு எதுவும் வராது. நான் மரக்கறிக்காரன் என்று அறிந்த அன்று, "நீங்கள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் கொடுப்பதில்லையா?" என்று கேட்டார். ஊற்றித்தானே வளர்க்கிறோம் என்றேன். "வெட்டிய பிறகு?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் ஆட்கள் சாகிறவரின் வாயில் பால் விடுவார்கள் என்று நான் சொன்னபோது சிரிப்பை நிறுத்தி, மெல்லப் புருவத்தை உயர்த்தினார். "அப்படியென்றால் உனக்குத் தெரியும்."

அந்த ஐப்பசியில் அவருடைய மகள் தன் முதல் சீலை வேட்டையாடினாள். முதல் வேட்டையில் வேட்டையாடியவர் ஒரு துண்டும் வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டும். தகப்பனின் பங்கை அவள் உறையவைத்து விமானத்தில் அனுப்பினாள். விடுதியின் குளிர்பெட்டி சிறியது. ஆகவே பெட்டியை விமான நிலையத்திலிருந்து எடுத்து, ஒரு இரவு வீட்டில் வைத்துக் கொண்டுவரும்படி என்னைக் கேட்டார். சரி என்றேன்.

அது கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"என்னப்பா உது மணக்குது?"

"நோயாளி ஒராளின்ரை சாமான். ஒரு ராத்திரிதான்."

"இறைச்சியோ? சஷ்டி நாளிலையோ? படிச்ச மனுசன் செய்யிற வேலையே உது! கராஜுக்கையாவது கொண்டுபோய் வையுங்கோ."

அவளை நான் குறை சொல்லவில்லை. கராஜில் வைத்திருக்கலாம், அங்கே குளிர் போதும். ஆனால் மூடியைத் திறந்து அந்தக் கறுத்த இறைச்சியையும் அதன் மேல் உறைந்திருந்த இரத்தத்தையும் பார்த்தபோது எனக்கு அருவருப்பு வந்தது. விரதம் ஒரு சாட்டுத்தான். மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்புறக் குப்பைத் தொட்டிக்குள் அதைக் கொட்டினேன். ஈர உடம்பொன்று பனிக்கட்டியில் விழுந்ததுபோல் சத்தம் கேட்டது. பிறகு பெட்டியைக் கழுவினேன்.

மறுநாள் அவரிடம், பெட்டி வரவில்லை, வழியில் தவறியிருக்க வேண்டும் என்றேன். என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்கள் உயிரோடிருந்தார். நான் அறைக்குள் போகும்போதெல்லாம் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார்.

வசந்தத்தில் மகள் விடுதிக்குத் தொலைபேசி எடுத்து என்னைக் கேட்டாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டார், மிகவும் மகிழ்ந்தார் என்றேன். பிறகு, சீல்கள் மூச்சுவிடப் பனியில் துளை வைத்திருக்குமே, அங்கே காத்திருக்கும்போது அவை மேலே வருகின்றன, தன் முகத்தைப் பார்க்கின்றன, போய்விடுகின்றன என்றாள். மற்றவர்களுக்கு அப்படி இல்லையாம். "நான் என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லை." எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய இலக்கத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்று ஏரியோரத்து ரூஜ் பகுதிக்குக் குடிவந்த பிறகு மாலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போவேன். ஒரு மாசியில், கரையோரப் பனிக்கு அப்பால் கறுத்த நீரில், உருண்டையான தலையொன்று எழுந்து நின்றது. ஈரக் கண்கள். அது என் கைகளைப் பார்த்தது. ஒன்ராறியோ ஏரியில் சீல் இல்லை என்பது எனக்குத் தெரியும். மிதக்கும் கட்டையாக இருக்கலாம் என்று எனக்கே விளக்கம் சொன்னேன். கட்டை மூச்சுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மாசியிலும் அதைக் கண்டேன்.

இந்த மாசியில்தான் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. குப்பைத் தொட்டியையும் சொன்னேன். மறுமுனையில் காற்றின் இரைச்சல். அவள் கத்தவில்லை. தான் வேட்டைக்குப் போவதை விட்டுப் பல வருடங்களாகின்றன என்றும், தன் கையில் ஏதோ பிழை என்று நம்பியிருந்ததாகவும் சொன்னாள். பிறகு, "பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அதற்குள் நல்ல தண்ணீர் விடு. அந்தச் சீல் இன்னும் தாகத்தோடு உன்னிடம்தான் நிற்கிறது. நான் மறுபடி பனிக்குப் போகிறேன்."

ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் பெட்டி வறண்டு கிடந்தது. வெடிப்பு இல்லை, கீழே ஈரமும் இல்லை. மறுநாளும் அப்படியே. மகன் பிக்கரிங்கிலிருந்து வந்து பார்த்தான்.

"ஃபர்னஸ் சூட்டிலை காயுதப்பா. சும்மா ஸ்ட்ரெஸ் ஆகாதேங்கோ."

"ஒரு செம்பு தண்ணி ஒரு ராத்திரியிலை காயுமோடா?"

அவன் மேலே போய்விட்டான். ஒன்பது நாட்கள் ஊற்றினேன். ஒன்பதும் வறண்டன.

பத்தாம் முறை ஊற்றிய தண்ணீர் காலையில் அப்படியே இருந்தது. அன்று மத்தியானம் அவள் எடுத்தாள். "சீல் வந்தது," என்றாள். குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "அப்பாவின் பங்கை உனக்கு அனுப்புகிறேன். சாப்பிடுவாயா?" எழுபத்தாறு வயதுவரை புலால் தொடாத வாய். அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்தும், தொலைபேசிக்கு முன்னால் புருவத்தை உயர்த்தினேன். "சரி," என்றாள் அவள் உடனே.

பெட்டியைக் கழுவித் துடைத்து, மேலே கொண்டுவந்து வாசலருகே திறந்து வைத்திருக்கிறேன். இந்தமுறை மனைவி மறிக்கவில்லை. சீல் தண்ணீரைத் தொடாமல் விட்ட அந்தக் காலையிலிருந்து என் நாக்கில் உப்புக் கரிக்கிறது. குவளை குவளையாகக் குடிக்கிறேன். தாகம் அடங்கவில்லை.